மரக் கங்காருவுக்கு இலை கொண்டுபோன ஸ்ரீஸ்கந்தராசா

ஸ்ரீஸ்கந்தராசா பயந்த மனிதர். இந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. "வீட்டு நம்பரை மட்டும் போட்டிடாதேங்கோ அக்கா" என்றார். போடவில்லை.

போன புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தேவாலயப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார். டோர்செட் பார்க்கில் நான் இருக்கும் கட்டடத்துக்குப் பின்தெருவில்தான் அவருடைய சிறிய வீடு. பக்கத்தில் இருந்தாலும் முதலில் தொலைபேசியில் கேட்காமல் அவர் ஒருநாளும் வந்ததில்லை. லிப்ற் நடுவில் நின்றுவிடும் என்ற பயத்தில் படியேறி வந்திருந்தார். உதடு காய்ந்து, நெற்றி ஈரமாகியிருந்தது. நோயாளிகளையும் வயோதிபர்களையும் பராமரித்தே சம்பளம் வாங்கியவள் நான். ஆளைக் கதிரையில் இருத்தி நாடி பிடித்துப் பார்த்தேன். வேகமாக ஓடியது, ஆனால் ஒழுங்காக ஓடியது. நெஞ்சு நோகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"அக்கா, லூலாவை நான் சாக்காட்டிப்போட்டன் போல கிடக்கு" என்றார்.

லூலா ஒரு மரக் கங்காரு. மார்க்கம் நகருக்கு வடக்கே, பண்ணைகளுக்கு நடுவில், ஒரு சிறிய விலங்குக் காப்பகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து அது எதுவும் தின்னவில்லை. எந்நேரமும் மேல்கிளையில் இருப்பது, கீழே இறங்கி ஒரு மூலையில் குந்திக்கொண்டிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதன் வயிற்றுப் பையில் மயிர் முளைக்காத குட்டி ஒன்று. தாய் போனால் குட்டியும் போய்விடும். லூலாவைப் பராமரிக்கும் நிலக்சி என்ற பெண் சனிக்கிழமை அவரை அழைத்து, இந்தக் கிழமை இலை கொண்டுவர வேண்டாம், என்ன வருத்தம் என்று மிருக வைத்தியருக்கே விளங்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். என்ன வருத்தம் என்பது தனக்குத் தெரியும் என்று இவர் நினைத்தார். அதை வாய்திறந்து சொல்லத்தான் பயந்தார்.

அவரை எனக்குத் தெரிந்தது அவருடைய மனைவி தவமணி மூலம். தவமணிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஏஜென்சி என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியது. முதல் நாளே வாசலில் என் அடையாள அட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, உள்ளே விடலாமா என்று மகளுக்குத் தொலைபேசி எடுத்தவர் அவர்.

ஊரில் இளந்தாரியாக இருந்த காலத்தில் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கிண்டவில்லை. ஆனால் சீருடை போட்ட எவரைக் கண்டாலும் இரண்டு கையும் தானாகவே பொக்கற்றை விட்டு வெளியே வந்துவிடும். பஸ் ஓட்டுநரைக் கண்டாலும் அப்படித்தான். ஒரு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் எலெஸ்மியர் வீதியில் பொலிஸ் மறித்து, குடித்திருக்கிறீர்களா என்று கேட்டதாம். பிறந்த நாளிலிருந்து குடிக்காத மனிதர். மன்னிப்புக் கேட்டுவிட்டு லைசென்ஸ், இன்சூரன்ஸ், குடியுரிமை அட்டை, நூலக அட்டை எல்லாவற்றையும் எடுத்து நீட்டினாராம். தவமணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், பாதி வாயால்.

கார்க் கதவுக்குப் பிளாஸ்ரிக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். ஒருநாளும் பிந்திப் போனதில்லை என்று பெருமையாகச் சொல்வார். பிந்தினால் என்ன நடக்கும் என்று கேட்டால் கை மணிக்கூட்டைத் திருப்பிப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் மனைவியை எப்படிப் பார்ப்பார் என்று நான் முதலில் யோசித்தேன். நன்றாகத்தான் பார்த்தார். பயந்தபடியால் ஒவ்வொரு முறையும் கட்டில் சக்கரத்தின் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார். நான் சொன்ன நேரத்துக்குப் பிசகாமல் புரட்டிப் படுக்கவைப்பார். வருடக்கணக்காகக் கிடந்த மனிசிக்கு முதுகில் ஒரு புண் வரவில்லை. என் வேலையில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது.

தவமணி போன பிறகு அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். யூனியன்வில்லில் இருக்கும் மகள் சாம்பவி, தன் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகக் காப்பகத்துக்குப் போனபோது அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் எல்லாம் பார்த்து முடித்து வெளியே வந்தும் அவர் வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், மரக் கங்காருவின் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றிருக்கிறார்.

நானும் பிறகு அதைப் பார்த்தேன். பெரிய பூனையளவும் இல்லை, நாயளவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். முதுகு செம்பழுப்பு, வயிறும் கைகாலும் மஞ்சள். கரடிக்குட்டி முகம். தன் உடம்பின் நீளத்துக்கு ஒரு வால். கங்காரு என்று சொன்னாலும் தரையில் தத்துவதைவிட மரத்தில் ஏறி இலை தின்பதுதான் அதன் சீவியம். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போகமுதல் நின்று, பார்த்து, மணந்து, பிறகும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகும்.

"அதுவும் என்னைப் போலத்தான் அக்கா" என்று அவர் என்னிடம் சொன்னார். "எல்லாத்துக்கும் முதல் ஒருக்கா நிண்டு பாக்குது."

அன்றைக்கு அவர் நிற்பதைக் கண்டு பேச வந்தவள்தான் நிலக்சி. இங்கே பிறந்த பிள்ளை. தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவாள். லூலாவின் சாதி நியூகினித் தீவில், அதிலும் கிழக்கே ஒரு மலைத் தீபகற்பத்தில் மட்டும்தான் காட்டில் வாழ்கிறது என்றாள். வேட்டையாலும் காடு வெட்டுவதாலும் குறைந்துகொண்டு போகிறது. அங்குள்ள கிராமத்துச் சனங்கள், தங்கள் பரம்பரைக் காட்டில் ஒரு பகுதியில் இனி எவரும் வேட்டையாடக்கூடாது என்று தாங்களே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அந்த இறைச்சியைத் தின்று வளர்ந்த சனங்கள் அப்படிச் செய்ததுதான் இவருக்கு ஆச்சரியம். வெளிநாடுகளில் காப்பில் இருப்பவை கொஞ்சம்தான் என்பதால், எந்தப் பெண்ணை எந்த ஆணுடன் சேர்ப்பது என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து தீர்மானிக்கிறார்களாம்.

"இதுகளுக்கும் நாங்கள் சாதகம் பாக்கிறனாங்கள் அங்கிள்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதை உண்மையென்று நம்பி, நட்சத்திரம் என்ன என்று கேட்டிருக்கிறார்.

லூலாவுக்குப் பொருத்தம் பார்த்து ஒரு ஆணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இளவேனிலில் பயற்றங்கொட்டையளவில் ஒன்று பிறந்து, கண்ணும் தெரியாமல் தாயின் மயிரைப் பிடித்து ஏறிப் பைக்குள் போய்விட்டது. அதன் பிறகு லூலாவுக்கு இலை அதிகம் தேவைப்பட்டது. மருந்து அடிக்காத முசுக்கட்டை இலை, வில்லோ இலை என்று சில வீட்டுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது முதலே இருந்த வழக்கம். இவர் கேட்டுக்கொண்டு வந்து, பின்வளவில் புல்லைக் கிளறி, வத்தாளங்கொடி, அதாவது சர்க்கரைவள்ளிக் கொடி, நட்டார். நான் ஜன்னலால் பார்த்தேன். மனைவி செத்தபிறகு அந்த ஆள் குனிந்து நிமிர்ந்து ஒரு வேலை செய்ததை அன்றுதான் கண்டேன்.

நிலக்சி வந்து வளவைப் பார்த்தாள். மருந்து அடிப்பதில்லையே என்று கேட்டாள். இல்லை. பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை. பூனையின் மலத்தில் ஒரு கிருமி இருக்கும், மண்ணில் மாதக்கணக்காகக் கிடக்கும், பூனையே இல்லாத தீவில் உண்டான சாதி என்பதால் மரக் கங்காருக்களுக்கு அதைத் தாங்கும் சக்தி கிடையாது, மூளைக்கும் கண்ணுக்கும் ஏறிக் கொன்றுவிடும் என்று விளக்கினாள். அவர் பயந்து கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன இரண்டு 'இல்லை'யும் அன்றைக்கு உண்மை.

இனிக் காகத்தின் கதை. தவமணி போனதிலிருந்து அவர் சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைக்காமல் சாப்பிடமாட்டார். நான் வேதக்காரி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் குறை சொல்லவும் இல்லை. முன் வாசலில்தான் வைத்துவந்தார். கடற்புறாக்கள் வந்து காரெல்லாம் எச்சம் போடுகின்றன என்று பக்கத்து வீட்டுக்காரன் முறையிட்டான். முறைப்பாடு என்ற சொல்லே இவருக்குப் போதும். உடனே தட்டைப் பின்வளவுக்கு மாற்றி, வத்தாளைப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தார். காகம் வந்ததோ இல்லையோ, நெய்விட்டுப் பிசைந்த சோற்றுக்குச் சிட்டும் புறாவும் வந்தன. சிட்டையும் புறாவையும் பார்த்துப் பூனைகள் வந்தன. வந்த பூனைகளுக்கு இவர் கிளறிக் கிளறி மெதுமையாக்கி வைத்திருந்த மண்ணைவிட நல்ல கக்கூஸ் எங்கே கிடைக்கும்?

ஆவணியில் ஒருநாள் குசினி ஜன்னலால் கண்டார். சாம்பல் நிறப் பூனை ஒன்று கொடிக்கு நடுவில் பள்ளம் தோண்டி, இருந்து, திரும்பி நின்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனது. கொடியின் இலையெல்லாம் நிலத்தோடு படர்ந்து கிடப்பவை.

அன்றைக்கே நிலக்சிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இனி இலை வேண்டாம் என்பார்கள். கிழமையில் இரண்டு நாள் இலை பறித்துக் கட்டி, காரில் வைத்து, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பது நின்றுவிடும். மூன்று கிழமை அவர் சொல்லவில்லை. சோற்றுத் தட்டைத் திரும்பவும் முன்னால் வைக்கவும் பயம், வைக்காமல் விடவும் பயம். பாத்தியைச் சுற்றி மிளகாய்த்தூள் போட்டார். மழை கழுவியது. இலையை வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, அதில் ஊறவைத்து, மூன்று தரம் அலசிக் கொண்டுபோனார். அம்மை வந்த வீட்டில் மஞ்சள் கரைத்துத் தெளித்துப் பழகியவர். மஞ்சளுக்குச் சாகாத கிருமி உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை லூலா கிளையை விட்டு இறங்கியது.

இவ்வளவையும் அவர் என் கதிரையில் இருந்து, சொல்லை விழுங்கி விழுங்கிச் சொன்னார். போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். அவரிடம் ஒரு பெரிய பட்டியலே இருந்தது. அழிந்துபோகிற மிருகத்தைக் கொன்றால் மறியலில் அடைப்பார்கள். பேப்பரில் படம் வரும். குடியுரிமையைப் பறிப்பார்கள். எல்லாவற்றையும் விட, தன்னை நம்பி இலை வாங்கிய நிலக்சிக்கு வேலை போகும். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் எனக்கு நியாயமாகப் பட்டது.

சாம்பவிக்கு ஒருமுறை எடுத்துக் கேட்கட்டா என்றார். எடுத்தார். அவள் சொன்னது எனக்கும் கேட்டது. ஒன்றும் சொல்லாதேயுங்கோ, திங்கட்கிழமை தெரிந்த லோயர் ஒருவரிடம் கேட்கிறேன், அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாதேயுங்கோ என்றாள். கெட்ட பிள்ளை இல்லை. தகப்பனின் பயம் அவளுக்கும் வந்திருக்கிறது, படித்த வடிவத்தில்.

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"திங்கள் வரைக்கும் அது தாங்குமோ?" என்று கேட்டேன்.

தொலைபேசியைக் கையில் எடுத்துத் திரும்பவும் வைத்தார்.

"தம்பி, தவமணிக்குக் காய்ச்சல் வந்த அண்டைக்கு நீர் டொக்டருக்கு என்னத்தைச் சொன்னீர்? என்ன தின்னக் குடுத்தனீர், எத்தினை மணிக்குக் குடுத்தனீர், ஒண்டும் விடாமல் சொன்னீரே. அதுக்குப் பிறகுதான் அவையள் மருந்து மாத்தினவை. இதுவும் அதுதான். எழும்பும்."

எழும்பினார். நான் பூசையை விட்டேன்.

கார் என்னுடையது, ஓட்டியதும் நான். 404 நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் தன் கைகளை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டார். பொலிஸ் காரில் ஏற்றப்பட்டவர் இருப்பது போல. நான் ரேடியோவைப் போட்டேன். நிறுத்தச் சொன்னார். ஸ்ரோஃபிவில்லுக்குத் திரும்பும் இடத்தில், நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கோ, நான் காரில் இருக்கிறேன் என்றார். நான் பூனையைக் காணவில்லை, எத்தனை பூனை, எந்த நாள் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்றேன். பிறகு வாந்தி வருகிறது என்றார். கோப்பிக் கடை ஒன்றில் நிறுத்தினேன். உள்ளே போனவர் வரவில்லை. நான் கோப்பி வாங்கி, குடித்து முடித்தும் வரவில்லை. கழிவறைக் கதவைத் தட்டினேன். ஒரு வெள்ளைக்காரப் பெடியன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

"திரும்பிப் போவமே அக்கா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"போகலாம். ஆனால் வழியில நிலக்சிக்கு நான் எடுத்துச் சொல்லுவன், ஆள் கக்கூசுக்குள்ள ஒளிச்சு நிக்கிறார் எண்டு."

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். காரில் முன்னால் இருக்காமல் பின்னால் ஏறினார். பின்னால் இருந்தால் கதவைத் திறந்து இறங்கியாவது ஓடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் பக்கக் கதவுக்கு, உள்ளிருந்து திறக்க ஏலாத பிள்ளைப்பூட்டு போட்டிருந்ததை நான் சொல்லவில்லை.

காப்பகம் அன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருந்தது. மரக் கங்காருக் கூடத்தை மட்டும் துணி போட்டு மறைத்திருந்தார்கள். நிலக்சி பக்கக் கதவால் வந்தாள். முதல் நாள் உடுத்த சட்டையோடு இருந்தாள், கண் சிவந்திருந்தது. எங்களைக் கண்டதும், இலையை இங்கே வையுங்கோ அங்கிள், ஆனால் அவள் தின்னமாட்டாள் என்றாள். கொண்டுவர வேண்டாம் என்று முதல் நாள் தானே சொன்னதை மறந்திருந்தாள், அவர் கையில் இலை இல்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

அவர் ஒரு அடி பின்வாங்கினார். பின்னால் நின்ற நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பின்னால் ஒளிந்திருப்பார்.

"டொக்டரைக் கூப்பிடு பிள்ளை" என்றார் கடைசியில். "நான் ஒரு விசயம் சொல்லவேணும். ரெண்டு தரம் சொல்ல ஏலாது."

மிருக வைத்தியர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண், என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. இவர் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில், கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி நின்று சொன்னார். சோறு வைத்தது, தட்டை மாற்றியது, சாம்பல் பூனை, இன்னொரு கறுப்பு வெள்ளைப் பூனை, கண்ட நாள், மஞ்சள் தண்ணீர், அதற்குப் பிறகு கொண்டுவந்த இலை. தன் பெயரையும் முகவரியையும் கேட்காமலே சொன்னார். கடைசியில், நிலக்சிக்கு இது தெரியாது, அவளில் பிழையில்லை என்றார்.

ஹெலன் இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும், அவர் கொண்டுவந்த இலையை ஆணும் தின்றதா என்று நிலக்சியிடம் கேட்டார். இல்லை, ஆண் தனிக்கூட்டில், அதற்கு வில்லோ மட்டும்தான். சரி என்றார். இரத்தப் பரிசோதனை வரக் காத்திருக்கப்போவதில்லை, இப்போதே மருந்தைத் தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். பாதி வழியில் திரும்பி, வந்ததற்கு நன்றி என்றார். இவர் மன்னிப்புக் கேட்டார். ஹெலன் அதைக் கேட்க நிற்கவில்லை.

நிலக்சி நின்றாள்.

"நான் உங்களட்டக் கேட்டனான்தானே அங்கிள். பூனை இருக்கோ எண்டு."

"வளக்கிறியளோ எண்டு கேட்டாய். நான் வளக்கேல்லை."

"அங்கிள்."

"ஓம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லாமல் விட்டனான்."

அவள் சுவரில் சாய்ந்தாள். "ஐ'ம் சோ ஸ்கெயார்ட் அங்கிள்" என்றாள். "அவள் செத்தால் நான் என்ன செய்வன்? அந்தப் பேபி..." இவர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். பிறகு அவர் தன் லேஞ்சியை எடுத்து, சுத்தமா என்று விரித்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைக்க அவளிடம் கொடுத்தார்.

போகமுதல் துணியை விலக்கி ஒருமுறை காட்டினாள். லூலா வைக்கோலில், வாலைச் சுருட்டாமல் நீளமாக விட்டுக்கொண்டு இருந்தது. தலை இடது பக்கம் சரிந்து ஆடிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. வயிற்றுப் பக்கம் தோல் ஒருமுறை உள்ளிருந்து அசைந்தது. அந்த அசைவைக் கண்டதும் இவர் நிலத்தில் இருக்கப் போனார். நான் கக்கத்துக்குக் கீழ் கைகொடுத்துப் பிடித்தேன். நல்ல பாரம்.

அதன் பிறகு வந்த கிழமை எனக்கும் நல்ல கிழமை இல்லை. தொலைபேசி அடித்தால் அவர் எடுக்கமாட்டார், எனக்கு எடுத்து, யார் அடித்தது என்று பார்க்கச் சொல்வார். ஒருமுறை வாசலில் வெள்ளை வான் ஒன்று நின்றது என்று கட்டிலுக்குப் பின்னால் போய் இருந்துவிட்டார். அது தண்ணீர் மீற்றர் பார்க்க வந்தவனுடைய வான். சாப்பாடு இறங்கவில்லை. நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் முன்னால் இருந்து குடிக்கவைத்தேன். சாம்பவி வந்து, ஏன் விட்டீர்கள் என்று என்னோடு சண்டை பிடித்தாள். பிடிக்கட்டும் என்று விட்டேன். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவர் நினைத்த கிருமிதான். மருந்தை வாழைப்பழத்தில் மசித்துக் கொடுக்கிறார்கள், பாதியைத் துப்புகிறது, பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்று நிலக்சி சொன்னாள். இந்த வருத்தம் வந்து தப்பியவை குறைவாம். ஒவ்வொரு நாளும் சொன்னது அதே வசனம்தான்.

பிறகு ஒருநாள், லூலா வில்லோ இலை ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு இருந்ததாம். தின்னவில்லை, பிடித்து வைத்திருந்தது. அடுத்த நாள் தின்றது.

வாசிப்பவர்கள் குட்டியைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் அது பைக்கு வெளியே தலையை நீட்டியது. லூலாவுக்கு இடது கண் தெரியாது. கிளை மாறும்போது முன்னரைவிட அதிக நேரம் நின்று பார்க்கிறது. ஆனால் குட்டி தப்பும் என்று ஐப்பசியில் எவருக்கும் தெரியாது. குட்டிக்கும் கிருமி போயிருக்குமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலத்தில்தான், நான் இவரைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்த விசயம் நடந்தது.

காப்பகம் நிலக்சியை வேலையால் நிற்பாட்டவில்லை. லூலாவிடமிருந்து எடுத்து ஆமைகளிடம் விட்டார்கள். நிலத்தில் படரும் இலை இனி எந்த வீட்டிலிருந்தும் வாங்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். மர இலை கொடுக்கும் வீடுகளைத் திரும்பவும் பார்வையிடச் சொன்னார்கள். அந்த வேலை நிலக்சியின் தலையில் விழுந்தது. இலை கொடுப்பவர்களில் பாதிப்பேர் நம்முடைய ஆட்கள். அவள் போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று இவருக்குத் தெரியும். பூனை இல்லைப் பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியோ என்பார்கள்.

தானும் வருகிறேன் என்று அவரே சொன்னார். நான் அவரைத் தள்ளவில்லை. தள்ளியிருந்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்கமாட்டார்.

முதல் வீடு ரெக்ஸ்டேலில். பின்வளவில் பெரிய முசுக்கட்டை மரம் என்று சொன்னார்கள். நான் காரை நிறுத்தியதும் அவர் இறங்காமல் இருந்தார். நிலக்சி இறங்கி நின்றாள். நான் என் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இறங்கினார். படியில் ஒருமுறை நின்றார். பிறகு தானே மணியை அழுத்தினார்.

நிரூபா என்ற பெண் கதவைத் திறந்தாள், நாற்பது வயதிருக்கும். கையில் பிசைந்த மா ஒட்டியிருந்தது. நான் இறங்கிப் பக்கத்தில் போவதற்குள் நிலக்சி கேட்டு முடித்துவிட்டாள். நிரூபா, எங்கட வீட்டில் பூனையே இல்லை, எல்லோருக்கும் அலர்ஜி என்று சொல்லிச் சிரித்துவிட்டு, வேலை கிடக்கிறது என்ற மாதிரிக் கதவைச் சாத்தப் பார்த்தாள்.

"நானும் அப்பிடித்தான் சொன்னனான் தங்கச்சி" என்றார் இவர்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"என்ர வீட்டிலயும் பூனை இல்லை. காகத்துக்குச் சோறு வைச்சன், பூனை வந்தது. கண்டும் நான் சொல்லேல்லை. அந்த மிருகத்துக்கு வருத்தம் குடுத்த ஆள் நான்தான். ஒரு கண் போட்டுது. குட்டி இருக்குமோ தெரியாது." நிறுத்தி, நிலக்சியை ஒருமுறை பார்த்தார். "உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யாயினம். என்னையும் செய்யேல்லை. பின்வளவை ஒருக்காப் பாக்க விட்டால் காணும்."

உள்ளே எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது. நிரூபா யாரையோ கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னாள். பிறகு தாழ்ந்த குரலில், கராஜுக்குப் பின்னால் ஒன்று குட்டி போட்டிருக்கிறது, பிள்ளைகள் பால் வைக்கிறார்கள் என்றாள்.

"சப்பாத்தைக் கழட்டாதேங்கோ அங்கிள்" என்றாள். "பக்கத்தால போவம்."

அவர் முன்னால் நடந்தார். பூனையைக் கண்டாலும் அவருக்குப் பயம் என்பதை நான் இன்னும் எழுதவில்லை.